கறுப்பு நகரம், வெள்ளை நகரம், நீல நகரம்

கேள்வி இது: "அமெரிக்காவின் பெரிய நகரங்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கின்றன. அங்கே கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் அதிகம் இருப்பதுதான் காரணமா? வெள்ளையர் பெருகினால் அந்த நகரங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிடுமா? இந்திய வம்சாவளியினர் எந்தப் பக்கம்?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் தலைநகர் வாஷிங்டனே பதில் சொல்லிவிடும். 1970 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். 'சாக்லேட் நகரம்' என்று அவர்களே பெருமையோடு சொல்லிக்கொண்ட காலம் அது. 2020இல் அந்த விகிதம் 41ஆக இறங்கிவிட்டது. வெள்ளையர் ஏறக்குறையச் சமமாக வந்துவிட்டார்கள். அப்படியானால் குடியரசுக் கட்சியின் வாக்கு கூடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 1972இல் நிக்சனுக்கு அங்கே கிட்டத்தட்ட 22 சதவீத வாக்கு விழுந்தது. 2016இல் டிரம்ப் பெற்றது 4 சதவீதம். 2024இல் நாடெங்கும் அவருக்கு ஆதரவாக அலை வீசியபோதும் வாஷிங்டனில் 6.5 சதவீதத்தோடு நின்றுவிட்டார்.

காரணம், அங்கே வந்து குடியேறிய வெள்ளையர் எந்த வகையினர் என்பதில் இருக்கிறது. அரசு அலுவலகம், சட்ட நிறுவனம், ஆய்வு நிறுவனம் என்று வேலை தேடி வந்த பட்டதாரிகள் அவர்கள். குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் வெள்ளைக் குடும்பங்களும் அந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் வர்ஜீனியாவின் தொலைதூரப் புறநகர்களில் தோட்டத்தோடு வீடு வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் வாக்கு வாஷிங்டன் கணக்கில் ஏறுவதே இல்லை.

ஆகவே எந்த இனம் எத்தனை சதவீதம் என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்த இனத்தில் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், நகரத்தின் எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எல்லைக்கோட்டைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நான் சில ஆண்டுகள் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் வட்டாரத்தில் இருந்தவன். எனக்கு அதுதான் தலையாயதாகப் படுகிறது. (வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: அங்கே நீலம் ஜனநாயகக் கட்சி, சிவப்பு குடியரசுக் கட்சி. சிவப்பைக் கண்டதும் இடதுசாரி என்று எண்ணிவிடாதீர்கள்.)

கறுப்பினத்தவர் என்றால் ஜனநாயகக் கட்சி என்பதை இயற்கை விதிபோலப் பேசுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழ். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்து வைத்திருந்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்கின், மேற்கின் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். ஊரில் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியாதவர்கள், ரயில் டிக்கெட்டோடு வாக்குரிமையையும் சேர்த்து வாங்கியவர்கள் ஆனார்கள். சிகாகோவில் 1910இல் 44,000 கறுப்பினத்தவர். 1970இல் 11 லட்சம்.

1928இல் சிகாகோவின் தெற்குப் பகுதி ஆஸ்கர் டி பிரீஸ்டை அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பியது. கறுப்பினத்தவர், குடியரசுக் கட்சிக்காரர். 1934இல் அதே தொகுதியில் அவரைத் தோற்கடித்த ஆர்தர் மிட்செலும் கறுப்பினத்தவர்தான், ஆனால் ஜனநாயகக் கட்சி. ஆறே ஆண்டுகளில் ஒரு தொகுதி கட்சி மாறியது. இடையில் வந்தது பெரும் பொருளாதார மந்தம். அதன் பின்னால் வந்தவை ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரண வேலைகள். லிங்கனுக்குப் பட்ட கடன் அடைந்துவிட்டது என்று அன்று பேசிக்கொண்டார்கள். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. மிச்சம் இருந்த கறுப்பின வாக்கும் அன்றோடு போனது. 2024 தேர்தலில்கூட, பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, கறுப்பின வாக்காளர்களில் 83 சதவீதம் பேர் கமலா ஹாரிஸுக்கே வாக்களித்தார்கள். டிரம்ப்புக்கு 15, அவர் கட்சிக்கு இதுவே முன்னேற்றம்.

இந்த அளவில் உங்கள் கணிப்பு சரி. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள எந்தப் பெரிய நகரமும் குடியரசுக் கட்சிப் பக்கம் போனதில்லை. ஆனால் அந்த நகரங்கள் எப்படிக் கறுப்பின நகரங்கள் ஆயின என்று கேட்டால் கதை வேறு திசையில் போகும்.

டெட்ராய்ட்டை எடுத்துக்கொள்வோம். 1950இல் அதன் மக்கள்தொகை 18.5 லட்சம், அதில் கறுப்பினத்தவர் 16 சதவீதம்தான். 2020இல் 6.39 லட்சம் பேர்; அதில் கறுப்பினத்தவர் நான்கில் மூன்று பங்குக்கு மேல். கறுப்பினத்தவர் வந்து நிரம்பிவிட்டார்கள் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எண்களைப் பாருங்கள்: நகரம் மூன்றில் இரண்டு பங்கு ஆளை இழந்திருக்கிறது. 15 லட்சம் வெள்ளையர் இருந்த இடத்தில் இன்று ஒரு லட்சம் பேர்கூட இல்லை. வந்தவர்களைவிடப் போனவர்கள்தான் அந்த நகரத்தின் அரசியலை எழுதினார்கள்.

போகச் சொல்லிக் கடன் கொடுத்தது அரசு. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. ஆனால் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களையும் அவற்றின் அக்கம்பக்கத்தையும் ஆபத்தானவை என்று ஒதுக்கியது. அதே காலத்தில் இன்னோர் அரசு நிறுவனம் நகரங்களின் வரைபடங்களில் அத்தகைய பகுதிகளுக்குச் சிவப்பு மை பூசி வைத்தது. டெட்ராய்ட்டின் வட எல்லையான எட்டு மைல் சாலையை ஒட்டி, 1941இல் ஒரு கட்டுமான நிறுவனம் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்கப் பார்த்தது. பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நிறுவனம் இரண்டுக்கும் இடையே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பியது. உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது; ஒரு பகுதியில் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள். பேர்லின் சுவரைப் பார்க்க விமானம் ஏறுகிறவர்கள் இதைப் பார்க்க வருவதில்லை.

1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். 'அதனால்தான் வெள்ளையர் ஓடினார்கள்' என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. ஓட்டம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கலவரம் அதை விரைவுபடுத்தியது. 1973இல் கோல்மன் யங் முதல் கறுப்பின மேயராகத் தேர்வு பெற்றார்.

1974இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, மில்லிகன் எதிர் பிராட்லி. டெட்ராய்ட் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளே அருகிவிட்டதால், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கப் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துப் பேருந்து விட வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. புறநகர் தவறு செய்ததாக நிரூபிக்காதவரை, எல்லையைத் தாண்டி ஆணையிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பள்ளிக்கான பணத்தில் பெரும்பகுதி உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வந்த காலம் அது. எட்டு மைல் சாலையைத் தாண்டினால் வரி வேறு, பள்ளி வேறு, மேயர் வேறு என்று ஆனபின், தாண்ட வசதி உள்ளவன் ஏன் நிற்பான்?

தாண்டியவர்கள் எப்படி வாக்களித்தார்கள்? டெட்ராய்ட்டின் வடகிழக்கே மகோம்ப் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த வெள்ளைத் தொழிலாளர்களின் இடம். போலந்து, இத்தாலிய வம்சம், கத்தோலிக்கர், தொழிற்சங்கம். 1960இல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு 63 சதவீதம் அள்ளிக் கொடுத்தது. 1984இல் அதே கவுண்டி குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 66 சதவீதம் கொடுத்தது. 'ரீகன் ஜனநாயகவாதிகள்' என்ற பெயரே இவர்களைப் பார்த்துத்தான் பரவியது. 2016இல் டிரம்ப் மிச்சிகன் மாநிலத்தை வென்றது 10,704 வாக்கு வித்தியாசத்தில். மகோம்ப்பில் மட்டும் அவருக்குச் சுமார் 48,000 வாக்கு கூடுதல்.

இனத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பக்கத்திலேயே ஓக்லண்ட் கவுண்டி இருக்கிறது. அங்கும் பெரும்பான்மை வெள்ளையர். டெட்ராய்ட்டை விட்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். ஆனால் பொறியாளர்கள், மருத்துவர்கள், நிறுவன மேலாளர்கள். 1980களில் அது குடியரசுக் கட்சியின் கோட்டை. 2020இல் பைடனுக்கு 14 சதவீதப் புள்ளி முன்னிலை கொடுத்தது. ஒரே நகரத்திலிருந்து கிளம்பிய ஒரே நிறத்தவர். தொழிலாளி வலப்பக்கம் போனான், பட்டதாரி இடப்பக்கம் போனான். வாக்குச் சீட்டில் பட்டப்படிப்பு இந்த அளவுக்கு எதிரொலிப்பது கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த மாற்றம். அதற்கு முன் பட்டதாரி வெள்ளையர் என்றாலே குடியரசுக் கட்சி என்றுதான் கணக்கு.

டெட்ராய்ட்டின் மேற்கே டியர்போர்னையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது இனக் கணக்கையே கேலி செய்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் ஊர். 1942 முதல் 1978 வரை ஆர்வில் ஹப்பர்ட் அங்கே மேயர். கறுப்பினத்தவரை ஊருக்குள் விடாமல் வைத்திருப்பதை வெளிப்படையாகவே பெருமை பேசியவர். அந்த ஊரில் இன்று பாதிக்கு மேல் அரபு, மத்திய கிழக்கு வம்சாவளியினர். ஃபோர்டு ஆலைக்கு வேலைக்கு வந்த லெபனானியர், ஏமனியர், பின்னால் வந்த ஈராக்கியர். வேடிக்கை என்னவென்றால், கணக்கெடுப்புப் பதிவேட்டில் இவர்கள் 'வெள்ளையர்'! மத்திய கிழக்கு வம்சாவளிக்குத் தனிப் பிரிவு வைக்க 2024இல்தான் அரசு முடிவெடுத்தது. இனப் பட்டியலை மட்டும் பார்ப்பவனுக்கு டியர்போர்ன் இன்னும் ஹப்பர்ட் விரும்பியபடியே இருக்கும் வெள்ளையர் நகரம். 2020இல் பைடனுக்குப் பெருவாரியாக வாக்களித்த அந்த ஊரில், காசா போருக்குப் பின், 2024இல் டிரம்ப் 42 சதவீதத்தோடு முதலிடம். ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. நாலே ஆண்டு.

இனி எல்லைக்கோடு. டெட்ராய்ட்டின் பரப்பு சுமார் 139 சதுர மைல். 1920களோடு அது விரிவதை நிறுத்திக்கொண்டது. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தின் பரப்பு 800 சதுர மைலுக்கு மேல். 1960களில் ஜாக்சன்வில்லும் டெட்ராய்ட் போன வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளையர் வெளியேறினார்கள், நகரத்தில் கறுப்பினத்தவர் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். 1968இல் நகரத்தையும் சுற்றியிருந்த டூவல் கவுண்டியையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரே நாளில் கறுப்பினத்தவர் கால் பங்குக்கும் கீழே போனார்கள். ஊழல் மலிந்திருந்ததும் பள்ளிகள் சீர்கெட்டுக் கிடந்ததும் உண்மை. இணைப்பை ஆதரித்த கறுப்பினத் தலைவர்களும் இருந்தார்கள். ஆனாலும் கறுப்பின மேயர் ஒருவர் வர 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே குடியரசுக் கட்சி மேயர் இருந்த மிகப் பெரிய நகரம் என்ற பெயரையும் ஜாக்சன்வில் பெற்றது. 2023இல் டோனா டீகன் வென்று அதை மாற்றினார்.

இண்டியானாபொலிஸிலும் அதே கதை. 1970இல் நகரமும் மேரியன் கவுண்டியும் இணைந்தன; மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை, மாநிலச் சட்டமன்றமே முடித்துக் கொடுத்தது. மேயர் ரிச்சர்ட் லூகர், குடியரசுக் கட்சி. புறநகர் வாக்காளர்கள் உள்ளே வந்ததும் 1999 வரை அந்தக் கட்சியைத் தவிர வேறு யாரும் மேயராகவில்லை. கவனியுங்கள்: பள்ளி மாவட்டங்களை மட்டும் இணைக்காமல் விட்டுவிட்டார்கள். வாக்கு வேண்டும், வகுப்பறை வேண்டாம்.

அட்லாண்டாவில் 1952இல் நகரத்தின் பரப்பை 37 சதுர மைலிலிருந்து 118ஆக விரித்து, பக்ஹெட் என்ற செல்வந்த வெள்ளையர் பகுதியையும் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம் பேரை உள்ளே இழுத்தார்கள். நகரம் கறுப்பினத்தவர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணம் மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்டுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. விரித்தும் பயன் இருபது ஆண்டுதான். 1973இல் மேனார்ட் ஜாக்சன் தெற்கின் பெருநகர் ஒன்றின் முதல் கறுப்பின மேயரானார். அதே பக்ஹெட்டில் அண்மை ஆண்டுகளில் தனி நகரமாகப் பிரிந்துபோகக் குரல் எழுந்தது.

எல்லையை விரிப்பது ஒரு தந்திரம் என்றால் சுருக்குவது இன்னொன்று. அலபாமாவின் டஸ்கீகி சிறு ஊர், சதுரமான எல்லை. கறுப்பினக் கல்லூரி இருந்ததால் படித்த கறுப்பின வாக்காளர்கள் 400 பேர் அளவில் சேர்ந்துவிட்டார்கள். 1957இல் மாநிலச் சட்டமன்றம் ஊரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாக வெட்டியது. நான்கைந்து பேர் தவிர எல்லாக் கறுப்பின வாக்காளரும் ஊருக்கு வெளியே. வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. 1960இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஒரே சட்டத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களை வேறெங்கே பார்ப்போம்?

ஆகவே 'இந்த நகரம் 90 சதவீதம் ஜனநாயகக் கட்சி, அந்த நகரம் பாதிப் பாதி' என்று ஒப்பிடும்போது, பெரும்பாலும் நாம் ஒப்பிடுவது மக்களின் மனத்தை அல்ல, நில அளவையை. டெட்ராய்ட் எல்லைக்குள் மகோம்ப்பும் ஓக்லண்டும் இருந்திருந்தால் அது வேறு நகரம்.

இனி வெள்ளையர் மிகுந்த பெருநகரங்கள். இனம்தான் வாக்கைத் தீர்மானிக்கிறது என்றால் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் குடியரசுக் கட்சியின் கையில் இருக்க வேண்டும். அந்நகரத்தில் மூன்றில் இரண்டு பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் ஆறு சதவீதம் அளவுக்குத்தான். அது அடங்கிய மல்ட்னோமா கவுண்டியில் 2020இல் பைடனுக்கு 79 சதவீதம். இத்தனை வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1859இல் ஓரிகன் மாநிலமானபோது கறுப்பினத்தவர் அங்கே குடியேறவும் நிலம் வாங்கவும் கூடாது என்று அதன் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாசகம் 1926இல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்ட வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் தங்கியிருந்த வான்போர்ட் 1948 வெள்ளத்தில் ஒரே நாளில் அழிந்தது. நகருக்குள் அவர்களுக்கு விடப்பட்ட அல்பைனா பகுதி நெடுஞ்சாலைக்கும் மருத்துவமனை விரிவாக்கத்துக்கும் இடிபட்டது. அந்த நகரத்து வெள்ளையரின் பேரன்மார் 2020இல் நூறு நாளுக்கு மேல் கறுப்பினத்தவருக்காகத் தெருவில் நின்று போராடினார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர். இதைப் போலித்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; ஆனால் வாடகை ஏறி அல்பைனாவை விட்டுப் போன கறுப்பினக் குடும்பம் சிரித்திருந்தால் அதைத் தவறு சொல்ல மாட்டேன்.

சியாட்டிலும் அதே வார்ப்பு. அங்கே சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 1970 வாக்கில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். இன்று ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மைக்ரோசாஃப்ட், அமேசான் சம்பளக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். கட்சி மாறவில்லை; வீட்டு விலை மாறியது.

ஹிஸ்பானியர் பக்கம் வந்தால் உங்கள் கேள்வியின் அடித்தளமே ஆட்டம் காணும். ஹிஸ்பானியர் என்பது ஓர் இனமே அல்ல. ஸ்பானிய மொழிப் பின்னணிக்கு அமெரிக்க அரசு வைத்த கூட்டுப் பெயர். மயாமியை ஒட்டிய ஹயலியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஹிஸ்பானியர். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் டிரம்ப்புக்கு மிக உறுதியான ஊர்களில் ஒன்று அது. கியூபாவில் காஸ்ட்ரோ 1959இல் ஆட்சியைப் பிடித்தபின் சொத்தை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அங்கே வேரூன்றினார்கள். 'சோஷலிசம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். பின்னால் வெனிசுவேலாவிலிருந்தும் நிகராகுவாவிலிருந்தும் வந்தவர்களுக்கும் அதே காயம். மயாமி-டேட் கவுண்டி 2016இல் ஹிலாரிக்கு 29 புள்ளி முன்னிலை கொடுத்தது. 2020இல் பைடனுக்கு 7. 2024இல் டிரம்ப்புக்கு 11. எட்டு ஆண்டுகளில் 40 புள்ளி ஊசலாட்டம். இந்த எட்டு ஆண்டுகளில் ஊரின் இன விகிதம் அப்படியொன்றும் தலைகீழாகவில்லை. 2025 டிசம்பரில் மயாமி நகர மேயர் பதவியை ஜனநாயகக் கட்சியின் எய்லின் ஹிக்கின்ஸ் வென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஊசல் நின்றுவிடவில்லை.

கியூபர்கள் விதிவிலக்கு என்று நெடுங்காலம் சமாதானம் சொன்னார்கள். டெக்சஸ் எல்லையில் ஸ்டார் கவுண்டி என்று ஒன்று. 97 சதவீதம் ஹிஸ்பானியர், ஏறக்குறைய எல்லோரும் மெக்சிக வம்சம். 2016இல் ஹிலாரிக்கு 79 சதவீதம். 2024இல் டிரம்ப்புக்கு ஏறக்குறைய 58. குடியரசுக் கட்சி அந்தக் கவுண்டியைக் கடைசியாக வென்றது 1892இல்! நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வெற்றி ஜனநாயகக் கட்சிக்குத்தான்; ஆனால் டிரம்ப்பின் பங்கு 2016இல் பத்துக்கும் கீழே இருந்து 2024இல் 27ஆக ஏறியது. காரணங்கள் என்ன? எல்லைக் காவல் படை வேலை, எண்ணெய் வயல் வேலை, தேவாலயம், எல்லாவற்றுக்கும் மேலாக விலைவாசி. வெள்ளைத் தொழிலாளியை மகோம்ப்பில் நகர்த்திய விசைகளில் சில இங்கேயும் வேலை செய்கின்றன.

அப்படியானால் நகர அரசியலில் இனம் எங்கேதான் தெரியும்? கட்சிகளுக்கு இடையில் தேடாதீர்கள். கட்சிக்கு உள்ளே தேடுங்கள். சிகாகோவின் கடைசிக் குடியரசுக் கட்சி மேயர் பதவியிழந்தது 1931இல். அதன்பின் உண்மையான போட்டி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில்தான். 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் அதில் வென்றுவிட்டார். தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த வெள்ளையர் வார்டுகள் அந்த ஒரு தேர்தலில் பெர்னார்ட் எப்டன் என்ற குடியரசுக் கட்சிக்காரருக்கு வாக்குகளைக் குவித்தன. 'காலம் கடக்கும் முன் எப்டன்' என்பது அவருடைய விளம்பர வாசகம். என்ன காலம், ஏன் கடக்கும் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஹெரால்ட் வாஷிங்டன் 52 சதவீதம்கூட எட்டாமல் வென்றார். பிறகு நகர மன்றத்தில் 50 உறுப்பினரில் 29 பேர் அவருக்கு எதிராக அணி சேர்ந்து மூன்று ஆண்டு முட்டுக்கட்டை போட்டார்கள். இரு பக்கமும் ஒரே கட்சி.

லாஸ் ஏஞ்சலிஸில் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே டாம் பிராட்லி வென்றிருந்தார். நகரத்தில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதபோது, யூதர்களும் தாராளவாத வெள்ளையரும் சேர்ந்து அவரை ஐந்து முறை மேயராக்கினார்கள். டெட்ராய்ட்டில் 2013இல் மைக் டகன் என்ற வெள்ளையர் மேயரானார். முதல் சுற்றில் வாக்குச் சீட்டில் அவர் பெயரே இல்லை, வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நகரம் திவாலாகியிருந்த ஆண்டு அது. தெருவிளக்கு எரிய வைப்பவன் யார் என்பதே அன்றைய கேள்வி. டல்லஸின் மேயர் எரிக் ஜான்சன், கறுப்பினத்தவர், 2023இல் குடியரசுக் கட்சிக்கு மாறிவிட்டார். விதிகளை வகுப்பவர்களுக்கு இவர்கள் எல்லோருமே தொல்லை.

மாநிலத்துக்கும் நகரத்துக்கும் நடக்கும் இழுபறி தனிக் கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: டென்னசி மாநிலச் சட்டமன்றம் 2022இல் நீல நகரமான நாஷ்வில்லை மூன்று துண்டாக்கி மூன்று கிராமப்புறத் தொகுதிகளில் ஒட்டிவிட்டது. மூன்றிலும் குடியரசுக் கட்சி வென்றது.

கடைசிக் கேள்வி, இந்திய வம்சாவளியினர். இப்போது 50 லட்சத்துக்கு மேல். கார்னகி நிறுவனத்தின் கணிப்புப்படி 2020இல் 72 சதவீதம் பேர் பைடன் பக்கம். 2024இல் ஹாரிஸ் பக்கம் 61ஆகக் குறைந்தது, டிரம்ப்புக்கு 32. ஆனால் 'இந்தியர் நகரம்' என்று ஒரு பெருநகரை உங்களால் காட்ட முடியாது. பஞ்சாபிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில், 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பின்தான் பட்டதாரிகளுக்குக் கதவு திறந்தது. 1968இல் வீட்டுவசதிப் பாகுபாடு சட்டவிரோதமானது. பட்டத்தோடும் வேலையோடும் வந்தவர்கள் நகரத்தில் நிற்காமல் நேரே புறநகருக்குப் போய்விட்டார்கள்: எடிசன், ஃப்ரீமாண்ட், ஃப்ரிஸ்கோ. மிச்சிகனில் அது ஓக்லண்ட் கவுண்டியின் டிராய், நோவை. அந்தக் கவுண்டி நிறம் மாறியதில் நம்மவர் வாக்குக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலைக் காங்கிரசுக்கு அனுப்பியதோ, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சியாட்டில்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலன் 1970 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தார். அவர் குடும்பம் வசித்தது கறுப்பினத்தவர் பலர் வாழ்ந்த சமதளப் பகுதியில். மகள் கமலா தொடக்கப் பள்ளிக்குப் போனது, வெள்ளையர் வசதியாக வாழ்ந்த வடக்குப் பகுதிக்கு, நகரமே விட்ட பள்ளிப் பேருந்தில். 1968இல் பெர்க்லி தானாக முன்வந்து செய்த ஏற்பாடு அது. இரு பகுதிகளும் ஒரே நகர எல்லைக்குள் இருந்ததால் அந்தப் பேருந்து யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஓடியது. டெட்ராய்ட்டில் அது எட்டு மைல் சாலையைக் கடந்தாக வேண்டும்.